விட்டுப் பிடிப்பதா, தூக்கி எறிவதா? 1953-இல் சிங்மன் ரீயும் அமெரிக்காவும்

1953 மே மாதக் கடைசியில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் முன் ஒரு வினோதமான சிக்கல் நின்றது. கொரியப் போரை நிறுத்த எதிரிகள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்த பிறகு மாஸ்கோவும் பீஜிங்கும் பிடியைத் தளர்த்தியிருந்தன. ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சை முடக்கிப் போட்டிருந்த போர்க்கைதிகள் விவகாரமும் தீரும் நிலைக்கு வந்திருந்தது. முரண்டு பிடித்தவர் சொந்தக் கூட்டாளி, தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ. வயது 78. சீனப் படை கொரிய மண்ணில் இருக்கும்வரை போர்நிறுத்தத்தை ஏற்க மாட்டேன், தேவைப்பட்டால் என் படையை, அமெரிக்கத் தலைமையில் போரிடும் ஐ.நா. படையின் தளபதியின் கட்டளையிலிருந்து விலக்கிக்கொண்டு தனியாகவே வடக்கே போவேன் என்று ஏப்ரலிலிருந்தே சொல்லி வந்தார்.

அடங்காத கூட்டாளியை என்ன செய்வது என்ற கேள்விக்கு எந்தத் தலைநகரிலும் நான்கு பதில்கள்தான் கிடைக்கும். ஆளை மாற்றலாம், மிரட்டலாம், பொருட்படுத்தாமல் நம் வேலையைப் பார்க்கலாம், அவர் கேட்பதில் ஒரு பங்கைக் கொடுத்து அதைக் கொண்டே அவரைக் கட்டிப்போடலாம். நான்குமே 1953 கோடையில் வாஷிங்டனில் பேசப்பட்டன, சில எழுத்தில் திட்டங்களாகவும் இருந்தன. அந்த ஆவணங்கள் இன்று வெளியாகியிருப்பதால் எந்த வழிக்கு என்ன விலை என்று ஓரளவு துணிந்து எடைபோட முடிகிறது. நான்காவது வழிதான் சரி என்பது என் கருத்து. ஆனால் அமெரிக்கா அதை எடுத்த விதத்தில் பெரிய குறை இருந்தது. அதற்கான விலையைக் கொரிய மக்கள் கொடுத்தார்கள்.

முதலில் ரீயின் கையில் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். போர் தொடங்கி மூன்று வாரத்தில், 1950 ஜூலை 14 அன்று, தன் படைகளின் கட்டளைப் பொறுப்பை ஒரு கடிதத்தின் மூலம் அப்போதைய ஐ.நா. படைத் தளபதி மக்கார்தரிடம் ஒப்படைத்திருந்தார். சண்டை நீடிக்கும்வரை என்பதே அந்தக் கடிதத்தின் வாசகம். எனவே காகிதத்தில் அவரிடம் படை இல்லை. நடைமுறை வேறு. 1953-இல் போர்முனையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தாங்கி நின்றவர்கள் தென் கொரிய வீரர்கள். தெற்கே கைதி முகாம்களைக் காவல் காத்தவர்களிலும் பெரும்பாலோர் அவர்களே. அவர்கள் நகர்ந்தால் முனையில் ஓட்டை விழும், முகாம்களின் கதவு திறக்கும்.

அவருடைய அச்சத்தையும் பார்க்க வேண்டும். இதைத்தான் வாஷிங்டன் நெடுநாள் கவனிக்கவில்லை. 1905 ஆகஸ்டில் முப்பது வயது இளைஞராக அமெரிக்கா வந்திருந்த ரீ, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டை ஆய்ஸ்டர் பே என்ற ஊரில் இருந்த அவர் வீட்டிலேயே சந்தித்தார். ஜப்பானிடமிருந்து கொரியாவைக் காப்பாற்றக் கோரும் மனு அவர் கையில் இருந்தது. முறையாகத் தூதரகம் வழியே அனுப்புங்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார் ரூஸ்வெல்ட். ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்புதான் அவருடைய அமைச்சர் டாஃப்ட், டோக்கியோவில் ஜப்பானியப் பிரதமர் கட்சுராவுடன் பேசிக் கொரியா மீது ஜப்பானுக்குள்ள ஆதிக்கத்தை ஒப்புக்கொண்டிருந்தார். 1910-இல் கொரியா என்ற நாடே வரைபடத்திலிருந்து போய்விட்டது. 1945-இல் வல்லரசுகள் 38-ஆம் இணைகோட்டில் நாட்டை வெட்டியபோது கொரியர்களை யாரும் கேட்கவில்லை. 1949-இல் அமெரிக்கப் படை வெளியேறியது. 1950 ஜனவரியில் வெளியுறவு அமைச்சர் அச்சிசன் பாதுகாப்பு வளையத்தை விவரித்த உரையில் கொரியா இல்லை. ஜூனில் வட கொரியப் படை புகுந்தது. இத்தனையையும் பார்த்த ஒருவர், வெறும் போர்நிறுத்தத்தைக் கையில் கொடுத்துவிட்டு அமெரிக்கா கப்பலேறிவிடும் என்று பயந்தால் அதைக் கிழவரின் பிடிவாதம் என்று தள்ள முடியாது.

இனி வழிகள். முதலாவது, ஆளை மாற்றுவது. கொரியாவில் இருந்த அமெரிக்க எட்டாவது சேனையின் தளபதி மாக்ஸ்வெல் டெய்லர் மே தொடக்கத்தில் வரைந்த திட்டத்துக்கு எவர்ரெடி என்று பெயர். தென் கொரியப் படை கட்டளையை மீறினால் என்ன செய்வது என்பதில் தொடங்கி, நேரடியாக எதிர்த்தால் ஐ.நா. பெயரில் ராணுவ ஆட்சியை அறிவிப்பது வரை படிப்படியாக அதில் எழுதப்பட்டிருந்தது. இதற்கு முன்னோடி ஒன்றும் உண்டு. 1952-இல் ஐ.நா. படைத் தளபதி மார்க் கிளார்க் தயாரித்த திட்டத்தின்படி, ஏதாவது காரணம் சொல்லி ரீயைத் தற்காலிகத் தலைநகரான பூசானிலிருந்து வெளியே வரவழைக்க வேண்டும். அவர் இல்லாத நேரத்தில் அவருடைய நெருங்கிய அதிகாரிகள் ஐந்து முதல் பத்துப் பேரைப் பிடிக்க வேண்டும். படிந்து வராவிட்டால் அவரையும் காவலில் வைக்க வேண்டும்.

இந்த 1952 விவகாரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த மே மாதம் ரீ பூசானில் ராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, நாடாளுமன்ற உறுப்பினர்கள் பயணம் செய்த பஸ்ஸையே இழுத்துக்கொண்டுபோய்ச் சிலரைக் கைது செய்ய வைத்தார். நாடாளுமன்றம் தன்னை மறுபடி தேர்ந்தெடுக்காது என்று தெரிந்ததால், அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும்படி அரசியல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார். பூசானுக்குப் படை அனுப்ப அவருடைய சொந்தத் தரைப்படைத் தலைமைத் தளபதி லீ ஜோங் சான் மறுத்துவிட்டார். ரீயின் பிடி மிகத் தளர்ந்திருந்த நேரம் அதுதான். அவரைத் தடுக்க நியாயமும் அப்போது மிகுதியாக இருந்தது. அமெரிக்கா தலையிடவில்லை. ஜூலை 4 அன்று திருத்தம் நிறைவேறியது, ஆகஸ்டில் ரீ வென்றார். நாடாளுமன்றத்தை நெரித்தபோது அலமாரியில் கிடந்த திட்டம், போர்நிறுத்தத்துக்குத் தடையாக நின்றபோது தூசி தட்டப்பட்டது. மக்களாட்சியைக் காக்கும் அக்கறை அதில் இல்லை என்பதை இந்த வரிசையே காட்டிவிடுகிறது.

சரி, 1953-இல் அதைச் செயல்படுத்தியிருந்தால்? ரீயின் இடத்தில் உட்காரவைக்க ஆள் வேண்டும். அமெரிக்கத் துப்பாக்கியின் நிழலில் பதவியேற்கும் எவரும் அடுத்த நாளே மதிப்பிழந்துவிடுவார். தென் கொரியா அமெரிக்காவின் பொம்மை என்று மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவந்த பியோங்யாங்குக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது. எதிரே சீனப் படை நிற்கும்போது முனையில் உள்ள தென் கொரியப் படைப்பிரிவுகள் யாருக்குக் கீழ்ப்படியும் என்பதும் தெரியாது.

பத்தாண்டுகள் கழித்து இந்த வழி தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் நிஜமாகவே சோதித்துப் பார்க்கப்பட்டது. 1963 ஆகஸ்ட் 24 அன்று வாஷிங்டனிலிருந்து தூதர் லாட்ஜுக்குப் போன தந்தி, அதிபர் நோ டின் டியெமைக் கைவிடத் தயார் என்று தளபதிகளுக்குப் புரியவைக்க வழி திறந்தது. நவம்பர் 1 அன்று ஆட்சி கவிழ்ந்தது. மறுநாள் டியெமும் அவருடைய தம்பியும் கொல்லப்பட்டார்கள். கவிழ்த்த தளபதிகளின் ஆட்சியை மூன்றே மாதத்தில் இன்னொரு தளபதி கவிழ்த்தார். அதன்பின் ஒன்றரை ஆண்டுக்கு சைகோனில் நிலையான அரசு என்று ஒன்று இருக்கவில்லை. 1965 மார்ச்சில் அமெரிக்க மரைன் படை தா நாங்கில் இறங்கியது. டியெம் இருந்திருந்தால் வியட்நாம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரை அகற்றிய நாளிலிருந்து அந்த நாட்டின் ஒவ்வொரு தோல்வியும் அமெரிக்காவின் கணக்கில் வந்து சேர்ந்தது. கூட்டாளியை மாற்றுகிறவர் அவருடைய நாட்டையும் சுமக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி, மிரட்டல். படையை விலக்கிக்கொள்வோம், உதவியை நிறுத்துவோம் என்று சொல்வது. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மடிந்த மண்ணை விட்டு அமெரிக்கா எழுந்து போகாது என்று ரீக்குத் தெரியும். நம்ப முடியாத மிரட்டல் மிரட்டியவரைத்தான் சிறுமைப்படுத்தும். ஆளை அவமானப்படுத்தும் மிரட்டல் இன்னும் மோசம். 1944 செப்டம்பரில் சீனப் படைகளின் முழுக் கட்டளையையும் அமெரிக்கத் தளபதி ஸ்டில்வெல்லிடம் கொடுக்கும்படி கடுமையான தொனியில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் எழுதிய செய்தியை, சீனத் தலைவர் சியாங் காய்ஷேக்கிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஸ்டில்வெல்லேதான். சியாங் கட்டளையைக் கொடுக்கவில்லை, ஸ்டில்வெல்லைத் திரும்ப அழைத்துக்கொள்ளச் சொன்னார். அடுத்த மாதமே அழைத்துக்கொண்டார்கள். வேறு போக்கிடம் இல்லாத கூட்டாளிகூடத் தன் முகம் கெடாமல் பின்வாங்க ஒரு வழி இல்லையென்றால் பின்வாங்குவதில்லை.

மூன்றாவது, அவரைப் பொருட்படுத்தாமல் போர்நிறுத்தத்தில் கையெழுத்திடுவது. ஜூன் 8 அன்று கைதிகள் பற்றிய உடன்பாடு கையெழுத்தானபோது இதுவே எளிய வழியாகத் தோன்றியது. அதைப் பத்தே நாளில் ரீ உடைத்தார். ஜூன் 18 அதிகாலையில் பூசான், மாசான், நோன்சான் உள்ளிட்ட இடங்களின் முகாம்களில், வடக்கே திரும்ப விரும்பாத வட கொரியக் கைதிகளுக்குத் தென் கொரியக் காவலர்களே முள்வேலியை வெட்டி வழிவிட்டார்கள். வெளியே மாற்றுடை தயாராக இருந்தது. போலீசாரும் ஊர் மக்களும் வீடுகளில் இடம் கொடுத்தார்கள். சில நாட்களில் சுமார் 27,000 பேர் மக்களோடு மக்களாகக் கரைந்துவிட்டார்கள். நண்பனுக்குப் பதிலாக இன்னொரு எதிரியைச் சம்பாதித்துவிட்டோம் என்ற பொருளில் ஐசனோவர் அன்று தேசியப் பாதுகாப்புக் குழுவில் வருந்தினார். பேச்சு நடந்த பான்முன்ஜோமில் எதிர்த்தரப்பு கேட்டது நியாயமான கேள்வி: தென் கொரிய அரசையும் படையையும் கட்டுப்படுத்த ஐ.நா. தளபதியால் முடியுமா, முடியாதா? முடியாது என்றால் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. காவல் பொறுப்பில் இருக்கும் கூட்டாளியைப் பொருட்படுத்தாமல் எந்த ஒப்பந்தமும் நிற்காது.

நான்காவது வழிக்கு அடித்தளம் ஏற்கெனவே போடப்பட்டிருந்தது. மே 29 அன்று ராணுவத் தலைமையும் வெளியுறவுத்துறையும் கூடி எவர்ரெடியையும் பாதுகாப்பு ஒப்பந்தத்தையும் எதிரெதிரே வைத்துப் பேசின. ஒப்பந்தமே மேல் என்று முடிவானது. ஜூன் 6 தேதியிட்ட கடிதத்தில் ஐசனோவர் அதை ரீக்கு எழுதினார்: போர்நிறுத்தத்துக்குப் பிறகு பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் பேசலாம், பொருளாதார உதவியும் தொடரும். ரீக்கு இது போதவில்லை. அவர் கைதிகளை விடுவித்தது இந்தக் கடிதம் வந்த பிறகுதான். அமெரிக்கா தாமதமாக, அரைமனதோடு கொடுத்தது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். ஏப்ரலிலேயே இதைச் சொல்லியிருந்தால் ஜூன் 18 நடந்திருக்காமலே போயிருக்கலாம்.

கோபத்தை அடக்கிக்கொண்டு வாஷிங்டன் வால்டர் ராபர்ட்சனை அனுப்பியது. வெளியுறவுத்துறையில் தூரக் கிழக்குக்கான துணைச் செயலர், வர்ஜீனியாவைச் சேர்ந்த வங்கியாளர். போரின் மூன்றாவது ஆண்டு நிறைவான ஜூன் 25 அன்று, வடக்கே படையெடு என்று தெருவெங்கும் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த சியோலுக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வாரத்துக்கும் மேல், ஏறத்தாழ நாள்தோறும், ரீயோடு உட்கார்ந்தார். பொறுமையாகக் கேட்பதுதான் அவர் கொண்டுவந்த முக்கியமான கருவி. ரீ வெறியரைப் போலப் பேசினாலும் பேரம் தெரிந்தவர் என்று அவர் கணித்தார்.

ரீ கேட்டவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வகைப் பதில் கிடைத்தது. போர்நிறுத்தத்துக்கு முன்பே ஒப்பந்தம் வேண்டும் என்றார். செனட் இல்லாமல் முடியாது, ஆனால் செனட் தலைவர்களிடம் கேட்டுவிட்டோம், நிறைவேறும் என்று உறுதி தரப்பட்டது. கொரியாவின் எதிர்காலம் பற்றிப் பின்னர் நடக்கவிருந்த அரசியல் மாநாடு 90 நாளில் பலனளிக்காவிட்டால் அமெரிக்கா மீண்டும் போரில் இறங்க வேண்டும் என்றார். மாநாட்டிலிருந்து சேர்ந்து வெளியேறுவோம், அடுத்தது என்ன என்று கலந்து பேசுவோம், அதற்கு மேல் வாக்குறுதி இல்லை. பொருளாதார உதவிக்கு முதல் தவணை 20 கோடி டாலர். தென் கொரியத் தரைப்படையை 20 படைப்பிரிவுகளாக விரிவாக்க ஒப்புதல். பதிலுக்கு ரீ கொடுத்தது, நான் கையெழுத்திட மாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன் என்ற எழுத்துப்பூர்வ உறுதி. ஜூலை 12 அன்று கூட்டறிக்கை வெளியானது.

கையெழுத்திடாமல் ஒத்துழைப்பது என்ற இந்த ஏற்பாட்டை நான் உயர்வாக மதிக்கிறேன். பிரிவினையை ஒப்புக்கொண்டவர் என்ற பழி ரீயின் மீது விழவில்லை, அமெரிக்காவுக்கோ சண்டை நின்றது. இதோடு அமைதியான அழுத்தமும் நடந்தது என்பதை மறைக்கக் கூடாது. தேவைப்பட்டால் அமெரிக்கா விலகிக்கொள்ளும் என்ற எண்ணத்தை உண்டாக்கும் ஆயத்தங்களுக்குக் கிளார்க்குக்கு அனுமதி இருந்தது. ஜூனிலும் மீண்டும் ஜூலை 13 அன்றும் கும்சோங் பகுதியில் தென் கொரியப் பிரிவுகளைக் குறிவைத்துச் சீனப் படை தாக்கிப் பின்தள்ளியதும், தனியாக வடக்கே போவது நடக்காத காரியம் என்று ரீயின் தளபதிகளுக்கே காட்டியது. ஜூலை 27 அன்று பான்முன்ஜோமில் போர்நிறுத்தம் கையெழுத்தானது. அதில் தென் கொரியாவின் கையெழுத்து இன்றுவரை இல்லை.

ரீயின் முரண்டு அதோடு ஓயவில்லை. கைதிகளின் பொறுப்பை ஏற்க வந்த இந்தியக் காவல்படை தென் கொரிய மண்ணில் கால் வைக்கக் கூடாது என்றார். இந்தியா கம்யூனிஸ்டுகளுக்குச் சாதகம் என்பது அவர் எண்ணம். எனவே இஞ்சியோன் கடலில் நின்ற கப்பல்களிலிருந்து இந்திய வீரர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி நேராகப் படைவிலக்கப் பகுதியில் இறக்கினார்கள். எந்த நாட்டுக்கும் திரும்ப விரும்பாத 88 பேரை அந்தப் படை 1954 பிப்ரவரியில் கப்பலில் அழைத்துவந்தது. அவர்கள் வந்து இறங்கிய துறைமுகம் நம் மெட்ராஸ்.

பாதுகாப்பு ஒப்பந்தம் 1953 அக்டோபர் 1 அன்று கையெழுத்தானது. அது இருபுறமும் வெட்டும் வாசகம். தாக்கப்பட்டால் அமெரிக்கா தன் அரசியல் சட்ட நடைமுறைப்படி செயல்படும் என்றது, தானாகவே போரில் இறங்கும் என்று சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் தாக்குதலுக்கு மட்டுமே பொருந்தும் என்று செனட் விளக்கம் சேர்த்தது. ரீயே வடக்கைத் தாக்கினால் அமெரிக்காவுக்குக் கடமை இல்லை என்பது அதன் பொருள். 1954 ஜூலை 28 அன்று ரீ அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று சீனா மீது போருக்கு அழைத்தபோது ஆதரவு கிட்டவில்லை. அந்த நவம்பர் 17 அன்று ஒப்புக்கொண்ட குறிப்பு என்ற ஆவணத்தில் அவர் தரப்பு கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி தென் கொரியப் படை ஐ.நா. கட்டளையின் செயல்பாட்டுக் கட்டுப்பாட்டில் தொடரும், நடப்பு நிதியாண்டுக்கு 70 கோடி டாலர் உதவி வரும். அமைதிக்காலக் கட்டுப்பாடு சியோலுக்குத் திரும்பியது 1994-இல்தான். அச்சத்துக்கு மருந்தும் கைக்கு விலங்கும் ஒரே காகிதத்தில் கிடைத்தன. மற்ற மூன்று வழிகளில் எதுவும் இந்த இரண்டையும் ஒருசேரத் தந்திருக்காது. அந்தக் கோட்டில் முழுப் போர் மறுபடி மூளவில்லை என்பதில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

குறை எங்கே என்றால், விலங்கு வடக்கு நோக்கி நீளும் கைக்கு மட்டும் போடப்பட்டது. சொந்த மக்களை நோக்கி நீளும் கை சுதந்திரமாக இருந்தது. ஒப்புக்கொண்ட குறிப்பு கையெழுத்தாகிப் பத்தே நாள்தான் ஆகியிருந்தது. நவம்பர் 27 அன்று, முதல் அதிபருக்குப் பதவிக்கால வரம்பு கிடையாது என்று ஆக்கும் அரசியல் சட்டத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. 203 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு 136 வாக்கு வேண்டும். விழுந்தது 135. திருத்தம் தோற்றது என்று அவைத்தலைமை அறிவித்தது. இரண்டு நாள் கழித்து, மூன்றில் இரண்டு பங்கு என்பது 135.33, பின்னத்தை விட்டுவிட்டால் 135 போதும் என்று ஆளுங்கட்சி கணக்குச் சொல்லித் திருத்தம் நிறைவேறியதாக அறிவித்தது. 1956 தேர்தலில் ரீயை எதிர்த்துக் கணிசமான வாக்குப் பெற்ற சோ போங் ஆம், 1959 ஜூலையில் உளவுக் குற்றச்சாட்டில் தூக்கிலிடப்பட்டார். அரை நூற்றாண்டுக்குப் பிறகு தென் கொரிய உச்ச நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று தீர்ப்பளித்தது.

1960 மார்ச் 15 தேர்தல் மோசடிக்கு எதிராக மாணவர்கள் எழுந்தார்கள். ஏப்ரல் 19 அன்று சியோலில் போலீஸ் சுட்டது, நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கத் தூதர் மெக்கனாகி நேரில் போய் ரீயிடம் மக்களின் குறைகளைத் தீர்க்கும்படி வெளிப்படையாக வற்புறுத்தினார். ஏப்ரல் 26 அன்று ரீ பதவி விலகினார். முனை கலையவில்லை, படை சிதறவில்லை, வடக்கிலிருந்து யாரும் புகவில்லை. ரீயை வற்புறுத்தினால் எல்லாம் சரிந்துவிடும் என்று ஏழு ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது நடக்கவில்லை.

எனவே அந்த மேசையில் எனக்கு ஓர் இடம் இருந்திருந்தால் எவர்ரெடியைக் கிழித்துப் போட்டுவிட்டு ராபர்ட்சனைத்தான் அனுப்பச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் கொண்டுபோகும் பட்டியலில், நாடாளுமன்ற உறுப்பினர்களைக் கைது செய்யக் கூடாது, நிறைவேறாத திருத்தத்தை நிறைவேறியதாக்கக் கூடாது என்ற இரண்டையும் சேர்த்திருப்பேன். அவை ரீயின் அச்சத்தைத் தொடுபவை அல்ல, நாட்டின் பாதுகாப்பைக் குறைப்பவையும் அல்ல. பதிலுக்குக் கொடுக்கப் பணமும் ஒப்பந்தமும் அமெரிக்காவின் கையில் இருந்தன. மெக்கனாகி 1960 ஏப்ரலில் பேசியதை 1954 நவம்பரிலேயே பேசியிருக்க முடியும், அப்போது 70 கோடி டாலருக்கான காகிதத்தில் மை இன்னும் காயவில்லை.